கரியடுப்பில் முழு வான்கோழி: உப்புத் தடவுவதிலிருந்து வெட்டிப் பரிமாறுவது வரை

முழு வான்கோழி என்பது ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு வகை இறைச்சி. நெஞ்சுப் பகுதி வெள்ளை இறைச்சி. 74 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஐந்தாறு டிகிரி போனாலே நார் நாராக உலர்ந்துவிடும். தொடையும் காலும் நிறம் கூடியவை, சவ்வு மிகுந்தவை. 80 டிகிரியைத் தொட்டால்தான் அந்தச் சவ்வு இளகி, கடிக்க இதமாக வரும். வீட்டு ஓவனில் எல்லாப் பக்கமும் சூடு ஒன்றுபோல் அடிக்கும். அதனால் தொடை வேகும் வரை பொறுத்தால் நெஞ்சு வறண்டுபோகிறது, நெஞ்சைப் பார்த்து இறக்கினால் தொடை வேகாமல் நிற்கிறது. கரியடுப்பில் அப்படியில்லை. நெருப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. கால் பக்கம் தணல், நெஞ்சுப் பக்கம் வெற்றிடம். கீழே சொல்லப்படும் எல்லா வேலையும் இந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். 1941இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்தக் கிழமையை உறுதிசெய்தது. அன்றைய மதிய விருந்தை மனத்தில் வைத்தே இங்கே நாள் கணக்கு தரப்படுகிறது. கிறிஸ்துமஸுக்கோ வேறு விசேஷத்துக்கோ செய்பவர்கள் கிழமையை மாற்றிக்கொண்டால் போதும்.

பறவையும் அடுப்பும்

57 சென்டிமீட்டர் விட்டமுள்ள, மூடி போட்ட உருண்டை கிரில் இதற்குச் சரியான அடுப்பு. 1952இல் சிகாகோ பக்கம் வெபர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவையை இரண்டாக வெட்டி உருவாக்கிய வடிவம் அது. மூடி இருப்பதால் காற்று வந்து தணலைக் கலைக்காது, சூடு மேலே முட்டித் திரும்பிப் பறவையைச் சுற்றிவரும். திறந்த அடுப்பில் கம்பி வலைமேல் வைத்து முழு வான்கோழியைச் சுட முடியாது. தோல் 20 நிமிடத்தில் கருகும், உள்ளே எலும்போரம் பச்சையாகவே இருக்கும்.

பறவை 5 முதல் 6 கிலோ வரை இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். 7 கிலோவைத் தாண்டினால் மூடிக்கும் நெஞ்சுக்கும் இடைவெளி குறைந்துவிடும், கால் கரியை இடிக்கும். இருபது பேர் வருகிறார்கள் என்றால் 9 கிலோ பறவை ஒன்றைத் தேடுவதைவிடச் சிறியதாக இரண்டு வாங்கி, பக்கத்து வீட்டு கிரில்லையும் கேட்டு வாங்குவது நல்லது.

வாங்கும்போது உறையில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள். உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று விழுக்காட்டோடு போட்டிருந்தால், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதற்குக் கீழே சொல்லும் உப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். யூதர்களின் உணவு விதியான கோஷர் முறைப்படி தயாரித்த பறவைக்கும் இதே கணக்குதான்.

தமிழ்நாட்டில் வளர்ப்பவரிடமிருந்து நேரடியாக வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அறுத்த அன்றே சுட்டால் கறி விறைப்பாக இருக்கும், ஒரு முழு நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வயதான சேவல் சுடுவதற்கு ஆகாது, அது குழம்புக்குத்தான்.

தேவையான மற்ற சாமான்கள்: இரண்டு முனையுள்ள தெர்மாமீட்டர் அல்லது உடனடியாகக் காட்டும் கைத் தெர்மாமீட்டர், கரி பற்றவைக்கும் சிம்னி (உருளை வடிவத் தகரக் கூடு), 30 சென்டிமீட்டர் நீள அலுமினிய ட்ரே ஒன்று, நீளமான இடுக்கி, தடித்த கையுறை, சமையல் தராசு. தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பறவைக்குள் செருகி வரும் பிளாஸ்டிக் குமிழ் எப்போது எழும்பும் என்று நம்பியிருந்தால், அது எழும்பும்போது பெரும்பாலும் நெஞ்சு உலர்ந்திருக்கும்.

சனிக்கிழமையே தொடங்கும் வேலை

உறைந்த பறவையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஆழமான ட்ரேயில் வைத்து உருக விடுங்கள். 2 கிலோவுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 5.5 கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று நாள். சனிக்கிழமை இரவு கீழே இறக்கினால் செவ்வாய் மாலை தயாராக இருக்கும். மறந்துபோய் புதன்கிழமை ஞாபகம் வந்தால் வழி உண்டு: உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முழுக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரை கிலோவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட என்று வைத்துக்கொண்டால் ஆறு மணி நேரம் ஆகும். வெந்நீர் ஊற்றுவதோ, சமையலறை மேடையில் இரவெல்லாம் வைப்பதோ கூடாது. உள்ளே கட்டியாக இருக்கும்போதே மேல்தோல் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும்.

உருகியதும் வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்துக் குழிக்குள்ளும் கை விட்டுப் பாருங்கள். கழுத்து எலும்பு ஒரு பக்கம், ஈரலும் இரைப்பையும் அடங்கிய பொட்டலம் மறுபக்கம் என்று இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்து அப்படியே சுட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. காலைப் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் வளையத்தையும் கழற்றுங்கள். ஓவனுக்காகச் செய்தது அது, தணலுக்குப் பக்கத்தில் இளகும். பறவையைக் குழாயடியில் கழுவ வேண்டியதில்லை. நம் வீடுகளில் கோழியைக் கழுவாமல் சமைப்பது மனத்துக்கு ஒப்பாது, ஆனாலும் தெறிக்கும் நீர் கிருமியைத் தொட்டியெல்லாம் பரப்புகிறது. கிருமியைக் கொல்வது சூடுதான். காகிதத் துண்டால் ஒற்றித் துடைத்தால் போதும்.

இனி உப்பு. பறவையின் எடையில் ஒரு விழுக்காடு, அதாவது 5.5 கிலோவுக்கு 55 கிராம். பொடி உப்பு என்றால் மட்டமாக 3 மேசைக்கரண்டி. கரண்டிக் கணக்கைவிடத் தராசு மேல், ஏனென்றால் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் கோஷர் உப்பு பிராண்டுக்கு பிராண்டு எடை மாறும். சில வகை ஒரு கரண்டியில் பொடி உப்பின் பாதி எடைதான் இருக்கும்.

நெஞ்சின் மேல்தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை நுழைத்து மெதுவாகப் பிரியுங்கள். தோல் கிழியாமல் உள்ளங்கை போகும் அளவுக்குப் பை மாதிரி விடும். உப்பில் பாதியை அந்தப் பைக்குள் சதையின் மேலேயே தேய்க்க வேண்டும். கால் பங்கு தொடையிலும் காலிலும், மிச்சம் வயிற்றுக்குள்ளும் முதுகிலும். முதல் சில மணி நேரம் உப்பு நீரை வெளியே இழுக்கும், தோல் நசநசவென்று இருக்கும். பிறகு அந்த உப்பு நீரையே சதை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வேகும்போது நீரைப் பிடித்துவைப்பது இந்த உப்புத்தான். அதற்கு ஒரு நாள் வேண்டும், இரண்டு நாள் இருந்தால் இன்னும் நல்லது. மூடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள், தோல் காய வேண்டும். வியாழன் காலை தொட்டுப் பார்த்தால் தோல் வழவழப்பு போய், லேசாகக் காகிதம் போல மொரமொரத்து, ஆங்காங்கே உள்சதையின் நிறம் தெரியும். அந்தப் பதத்துக்கு வந்த தோல்தான் கரியில் முறுகும். ஈரத்தோலில் சூடு முதலில் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் ஒரு முறைதான். லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 12 மணி நேரம். நெஞ்சு நன்றாக வரும், தோல் வராது. மேலும் 10 லிட்டர் பாத்திரம் குளிர்பெட்டியில் இடம் கேட்கும். உலர் உப்பையே பரிந்துரைக்கிறோம்.

கரி

அச்சில் அழுத்திய கரிக்கட்டி, மரத்தின் வடிவம் மாறாத மரக்கரி என்று இரண்டு வகை. இந்த வேலைக்குக் கரிக்கட்டிதான் வசதி. ஒவ்வொன்றும் ஒரே அளவு என்பதால் எண்ணிப் போடலாம், சீராக எரியும். மரக்கரி சூடு அதிகம், சாம்பல் குறைவு, ஆனால் துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் சூடு ஏறி இறங்கும். ஊரில் சீமைக் கருவேலங்கரிதான் கிடைக்கும் என்றால், அது டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று சொல்லும் மரத்தின் நெருங்கிய இனம். கடும் சூடு தரும், பொறி பறக்கும். சொல்லும் அளவில் முக்கால் பங்கு மட்டும் போட்டு, கீழ்க்காற்றைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். சிரட்டைக் கரிக்கட்டி கிடைத்தால் அதுவே மேல், புகையில்லாமல் நீண்ட நேரம் நிற்கும்.

மண்ணெண்ணெயோ பற்றவைக்கும் திரவமோ வேண்டாம். அந்த வாடை தோலின் கொழுப்பில் ஒட்டிக்கொண்டால் போகாது. சிம்னியில் 70 கரிக்கட்டியைப் போட்டு, அடியில் இரண்டு செய்தித்தாள் உருண்டைகளை வைத்துப் பற்றவையுங்கள். முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், பிறகு அடங்கும். 20 நிமிடத்தில் மேல்வரிசைக் கட்டிகளின் விளிம்பில் சாம்பல் பூத்து, இடுக்குகளில் செஞ்சிவப்பு தெரியும். மேலே பார்த்தால் காற்று நீர்போல் அலையும். அப்போது கொட்டலாம். அதற்கு முன்னால் கொட்டினால் பாதி பற்றிய கரியின் கசப்புப் புகை முழுவதும் பறவை மேல்தான் படியும்.

பிறையும் ட்ரேயும்

கரி வைக்கும் கீழ்த்தட்டில் ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பிறை வடிவில் தணலைக் கொட்டுங்கள். தட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது பிடிக்க வேண்டும். மற்ற மூன்றில் இரண்டு பங்கில் அலுமினிய ட்ரேயை வைத்து, ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி, கழுத்து எலும்பு, நறுக்கிய வெங்காயம், கேரட் போடுங்கள். ஈரலைப் போட வேண்டாம், கசக்கும். இந்த ட்ரே மூன்று வேலை செய்கிறது. சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து தீப்பிடிக்காமல் தடுக்கிறது, சூட்டைத் தாங்கி நிதானப்படுத்துகிறது, கடைசியில் கிரேவிக்கு வேண்டிய சாறைத் தருகிறது. வெந்நீர் ஊற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பச்சைத் தண்ணீர் சூடேற அடுப்பின் சூட்டை அரை மணி நேரம் தின்றுவிடும்.

தணல்மேல் கைமுஷ்டி அளவு ஆப்பிள் அல்லது செர்ரி மரத்துண்டு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். பறவை இறைச்சி புகையைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், அளவு கூடினால் நாக்கில் மரத்துப்போன மாதிரி ஒரு கசப்பு நிற்கும். மரத்தைத் தண்ணீரில் ஊறவைப்பதால் பயன் இல்லை, அந்த நீர் ஆவியாகும் வரை சூடுதான் குறையும்.

மேல் வலையைப் பொருத்தி, மூடியின் காற்றுத்துளை பறவை இருக்கும் பக்கம் வருமாறு மூடுங்கள். தணல் ஒரு பக்கம், துளை எதிர்ப்பக்கம். சூடும் புகையும் வெளியேறப் பறவையைக் கடந்துதான் போயாக வேண்டும். மேல்துளை முழுவதும் திறந்திருக்கட்டும், கீழ்த்துளை பாதி. வலையின் மட்டத்தில் 165 முதல் 175 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும், ஃபாரன்ஹீட்டில் சுமார் 325 முதல் 350. மூடியில் பதித்த முள் காட்டுவது மூடிக்கடியில் உள்ள சூடு. வலை மட்டத்தில் அது வேறாக இருக்கும், அதனால் ஒரு முனையை வலையிலேயே மாட்டிவையுங்கள்.

ஏற்றுவது

கரியைப் பற்றவைக்கும்போதே பறவையை வெளியே எடுத்து, நெஞ்சின்மேல் மட்டும் ஐஸ் கட்டிப் பை இரண்டை வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் தொடையின் குளிர் கொஞ்சம் குறையும், நெஞ்சு குளிர்ந்தே இருக்கும். அந்த வித்தியாசம் கடைசி வரை உதவும்.

ஐஸை எடுத்துவிட்டு ஈரத்தை ஒற்றியெடுங்கள். உருக்கிய நெய் 3 மேசைக்கரண்டியோடு கொரகொரப்பாக இடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி சேர்த்துத் தோலெல்லாம் பூசுங்கள். வெண்ணெயில் உள்ள பால்கசடு கரியின் சூட்டில் கறுத்துவிடும், நெய்யில் அது இல்லை. சர்க்கரையோ தேனோ சேர்ந்த மசாலா எதுவும் இப்போது வேண்டாம். சிறகு நுனிகளை முதுகுக்குப் பின்னால் மடித்துச் செருகுங்கள். காலைக் கட்டாதீர்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கட்டினால் உள்தொடைக்குச் சூடு போகாது. வயிற்றுக்குள் ரொட்டி, சோறு எதையும் அடைக்க வேண்டாம். அது 74 டிகிரி வருவதற்குள் நெஞ்சு கெட்டுவிடும். அரை வெங்காயமும் கைப்பிடி கொத்தமல்லித் தண்டும் போதும்.

நெஞ்சு மேலே பார்க்க, கால்கள் தணலைப் பார்க்க, ட்ரேக்கு நேர் மேலே வையுங்கள். கால் நுனிக்கும் தணலின் விளிம்புக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். தெர்மாமீட்டர் முனையைக் கழுத்துப் பக்கமிருந்து நெஞ்சின் பருத்த இடத்துக்கு நீளவாக்கில் செருகுங்கள். எலும்பைத் தொட்டால் எண் பொய் சொல்லும்.

மூடியபின்

5.5 கிலோவுக்கு இரண்டேகால் முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரம் வெறும் உத்தேசம். காற்று, வெளிக்குளிர், பறவையின் உருவம் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்தை முன்பின்னாக்கும். மூன்று மணி விருந்துக்குப் பத்தரைக்குக் கரி பற்றவைத்தால், சீக்கிரம் ஆனாலும் தாமதமானாலும் சமாளிக்க இடமிருக்கும்.

முதல் 45 நிமிடம் மூடியைத் தொடவே வேண்டாம். அதன்பின் 45 நிமிடத்துக்கு ஒருமுறை 10 முதல் 12 கரிக்கட்டி சேர்க்க வேண்டும். கால் மணி முன்னதாகவே சிம்னியில் பற்றவைத்துச் சேர்த்தால் சூடு விழாது. வலையின் ஓரம் மடங்கித் திறக்கும் வகை என்றால் பறவையை அசைக்காமல் போட்டுவிடலாம். ஊர்ப்பட்ட பேர் சொன்னாலும் மேலே சாறு ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஊற்றிய சாறு தோலை நனைத்து முறுகலைக் கெடுக்கும், திறந்த மூடி சூட்டை வெளியே விடும்.

ஒரு மணி நேரம் ஆனபோது நிறம் பாருங்கள். கால் நுனியில் தோல் பின்வாங்கி எலும்பு தெரியத் தொடங்கியிருக்கும், நெஞ்சு வெளிர்பொன் நிறத்தில் இருக்கும். நெஞ்சு அதைவிடக் கறுத்திருந்தால் அலுமினியத் தாளை மேலே லேசாகப் போர்த்துங்கள். ஒன்றே முக்கால் மணியில் தொடையை அளக்கத் தொடங்குங்கள். உடம்போடு தொடை சேரும் மூட்டுக்கு அருகே, உள்பக்கம், இரண்டு தொடையிலும்.

நெஞ்சு 71 டிகிரி, தொடை 80 டிகிரி. இரண்டும் வந்ததும் இறக்குங்கள். ஆறவைக்கும்போது உள்சூடு இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு 74 டிகிரி, அதாவது 165 ஃபாரன்ஹீட். நெஞ்சு அதைத் தொட்டுவிட்டதா என்று ஆறும்போது ஒருமுறை அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தொடாவிட்டால் மறுபடி ஐந்து நிமிடம் ஏற்றுங்கள்.

கோளாறுகள்

இரண்டாவது மணியில் சூடு சரியத் தொடங்கினால் கரி தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சாம்பல் கீழ்த்துளையை அடைத்திருக்கும். அடியில் உள்ள பிடியை மெல்ல இரண்டு தடவை அசைத்தால் போதும். வேகமாக ஆட்டினால் சாம்பல் கிளம்பிப் பறவைமேல் உட்காரும்.

சூடு 190க்கு மேல் ஏறினால் கீழ்த்துளையைக் குறையுங்கள். மேல்துளையை மூடக் கூடாது. வெளியேற வழியில்லாத புகை உள்ளேயே தேங்கி, தோலில் கரிப்பிசினாகப் படியும்.

தோல் ரப்பர் மாதிரி இழுத்தால் ஒன்று அது ஈரமாக ஏறியிருக்கிறது, இல்லையென்றால் 120, 130 டிகிரியில் வெந்திருக்கிறது. அந்தச் சூட்டில் தோலின் கொழுப்பு உருகி வெளியேறாது. பன்றிக்கும் மாட்டுக்கும் பொருந்தும் மெதுவான புகைச்சூடு வான்கோழித் தோலுக்குப் பொருந்தாது.

வெட்டும்போது மேற்சதையில் இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புகையில் உள்ள வாயுக்கள் இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால் வருவது அது. எலும்போரம் சிவந்திருப்பதும் மஜ்ஜையின் நிறமாக இருக்கலாம். எண் சரியாக இருந்தால் வெந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட அதிகம் கைகொடுக்கும் தீர்வு இது: விருந்தினர் உட்கார்ந்துவிட்டார்கள், நெஞ்சு 71, தொடை இன்னும் 70இலேயே நிற்கிறது. பறவையை இறக்கி, இரண்டு காலையும் தொடையோடு வெட்டியெடுத்து, அவற்றை மட்டும் தணலுக்கு அருகே திரும்ப வைத்து மூடுங்கள். நெஞ்சு ஆறி முடிப்பதற்குள், 15 நிமிடத்தில், கால் தயாராகிவிடும். முழுதாகத் தட்டில் வைத்துக் காட்டும் காட்சி போகும், ருசி போகாது.

வெட்டுவது

அரை மணி நேரம் ஆறட்டும். தாளால் இறுக்கி மூடினால் தன் ஆவியிலேயே தோல் தளர்ந்துவிடும், திறந்தே வையுங்கள். அந்த நேரத்தில் ட்ரேயில் உள்ள சாறை வடிகட்டிக் கொழுப்பை நீக்குங்கள். சுவைத்துப் பார்த்த பிறகே கிரேவியில் சேருங்கள். சில சமயம் புகை கூடிக் கசந்திருக்கும், அப்போது பாதி மட்டும் எடுத்துச் சாதாரணக் கோழிச் சாறோடு கலக்கலாம்.

முதலில் கால். தொடைக்கும் உடம்புக்கும் இடையே தோலைக் கீறி, காலை வெளிப்பக்கம் வளைத்தால் மூட்டு தானே கழன்று தெரியும், கத்தியை அதில் இறக்குங்கள். பிறகு நெஞ்செலும்பின் ஒரு பக்கமாகக் கத்தியை விட்டு, விலாவை ஒட்டியே வழித்து, அந்தப் பக்க நெஞ்சை முழுத் துண்டாக எடுங்கள். அதைப் பலகையில் வைத்து, நாருக்குக் குறுக்கே, விரல் பருமனில், ஒவ்வொரு துண்டிலும் தோல் வருமாறு அறுக்க வேண்டும். சரியாக வந்திருந்தால் கத்தி படும் இடத்தில் தோல் உடையும் சத்தம் கேட்கும், அறுத்த முகம் ஈரத்தில் மினுங்கும், பலகையில் மட்டும் அதிகச் சாறு ஓடாது. நெஞ்சு கொஞ்சம் உலர்ந்துவிட்டது என்றால், துண்டுகளைச் சூடான கிரேவியில் ஒரு நிமிடம் தோய்த்து எடுத்துப் பரிமாறுங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பு நீக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். எலும்புக் கூட்டை மிளகு, பூண்டு, சீரகத்தோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தால் புகைமணத்தோடு ரசத்துக்கான சாறு கிடைக்கும்.

கிரில்லைக் கராஜுக்குள்ளோ கூரையிட்ட பால்கனியிலோ வைத்து எரிக்கவே கூடாது. அணைந்தது போலத் தெரியும் தணலும் கார்பன் மோனாக்சைடு கக்கிக்கொண்டிருக்கும், அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. வேலை முடிந்ததும் மேலும் கீழுமாக எல்லாத் துளையையும் மூடிவிடுங்கள். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, மூடியுள்ள தகர வாளியில் அள்ளுங்கள், பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். சாம்பலுக்கடியில் ஒரே ஒரு துண்டு கனன்றுகொண்டிருந்தாலும் மறுநாள் அது பற்றும்.